ரோஸ் தாளில் நான் எடுத்த ஒரு வரி

எங்கள் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரின் வயதையும் கூட்டினால் என் வயதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் வரும். போன மாதம் அவர்கள் எனக்குப் போன் செய்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு விளம்பர நிறுவனத்தார் வந்தார்களாம். வாட்ஸப்பில் நாமே எழுதி அனுப்புவதும், தோட்டத்தில் நின்று நாமே வீடியோ எடுப்பதும் வெட்டி வேலை, தெரிந்த முகம் ஒன்றைப் பிடித்து முப்பது நொடி விளம்பரம் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். முதலாளியின் மகன் யோசிக்கிறாராம். "மேரிக்கா, நாம எதுக்குச் சொந்தமா எழுதணும்னு ஒரு பக்கம் எழுதித் தாங்க, மீட்டிங்ல வாசிக்கிறோம்" என்றார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகப் பேச ஆள் கிடைக்காமல் இருக்கிறவளிடம் ஒரு பக்கம் கேட்டால் அது ஒரு பக்கத்தில் நிற்குமா? மீட்டிங்கில் வாசிக்கிறவர் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

பழனி ரோட்டில் இருக்கும் எங்கள் கம்பெனி சொட்டுநீர்ப் பாசனக் குழாய் செய்கிறது. நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பு, பிறகு தட்டச்சு, சுருக்கெழுத்து, பிறகு அப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் வேலை. அந்தக் காலத்துத் திண்டுக்கல் கத்தோலிக்க வீட்டுப் பெண், ஒன்று டீச்சராவாள், இல்லை நர்ஸாவாள். இரண்டுக்கும் எனக்குப் பொறுமை கிடையாது. டெலிபோன் என் மேசையில் இருந்ததால் யார் கூப்பிட்டாலும் நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. என் எழுத்து வேலை அந்த டெலிபோனில்தான் ஆரம்பித்தது.

கூப்பிடுகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அணில் குழாயைக் கடித்துவிட்டது, என்ன செய்ய? கடைசி வரிசைச் செடிக்குத் தண்ணீர் போகவில்லை, ஏன்? எனக்குப் பதில் தெரியாது. கேள்வியை ஒரு நீள நோட்டில் எழுதிவைத்து, சுப்பிரமணி சாரிடம் கேட்டு, திரும்பக் கூப்பிடுவேன். அவர்தான் விற்பனை மேலாளர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காருகிற மேலாளர் நான் பார்த்ததில் அவர் ஒருவர்தான். ஒரு நாள் நோட்டை வாங்கிப் புரட்டினார். அணில் கேள்வி பதினாலு தடவை வந்திருந்தது. "ஏனுங்க மேரியம்மா, பதினாலு பேருக்குப் பதினாலு தடவ சொல்லியாச்சு. போன் இல்லாத வீட்டுக்கு யாருங்க சொல்றது?" என்றார். அப்படித்தான் எங்கள் தாள் பிறந்தது.

மாதம் ஒரு தாள், இரண்டு பக்கம். மஞ்சள் காகிதம்தான் மலிவாகக் கிடைத்தது. ஆனால் கம்பெனி திவாலாகி மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டது என்று ஊர் பேசும் என்று முதலாளி பயந்ததால் ரோஸ் காகிதத்தில் அடித்தோம். உரக்கடை, பால் சொசைட்டி, டீக்கடை என்று எல்லா இடத்திலும் வைத்தோம். விலாசம் கொடுத்தவர்களுக்குத் தபாலில் போனது. சுற்றுவட்டாரத்தில் அதற்கு 'ரோஸ் தாள்' என்றே பெயராகிவிட்டது.

தாளுக்கு சார் போட்ட சட்டங்கள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மூன்று தடவைக்கு மேல் நோட்டில் ஏறிய கேள்விதான் தாளில் வரலாம். நம் குழாயைப் பற்றிப் பெருமை ஒரு வரிகூட இருக்கக் கூடாது, கம்பெனி பெயர் கீழே ஓரத்தில் சின்னதாக இருந்தால் போதும். எழுதியதை நான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் "அப்புறமுங்க?" என்பார். அடுத்த வாக்கியம் அந்த 'அப்புறமுங்க'வுக்குப் பதிலாக இருந்தால் தப்பித்தேன். இல்லாவிட்டால் முதலிலிருந்து எழுத வேண்டும். குரல் உயர்த்தியதே இல்லை, சிவப்பு மை தொட்டதும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு வேர்த்துவிடும். அதில் தேறிய பிறகு, சாமான் வாங்க வந்திருக்கும் விவசாயிகள் மூன்று பேருக்குக் கவுண்டரில் வைத்து வாசிக்க வேண்டும். யாராவது திருப்பி ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கேள்விக்கான பதில் உள்ளே போகும். அதற்கப்புறம்தான் அச்சகம்.

விற்பனைக்காரர்களுக்கு இந்தத் தாள் பிடிக்கவே இல்லை. கிணற்றில் இத்தனை அடிக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் சொட்டுநீர் போட்டும் பிரயோஜனமில்லை, முதலில் கிணற்றைப் பாருங்கள் என்று ஒரு தடவை எழுதினோம். வருகிற கிராக்கியை நாமே விரட்டுகிறோமே என்று சண்டைக்கு வந்தார்கள். அந்த வருடமே ஆயக்குடியிலிருந்து கொய்யாத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். சணலில் கோத்த ரோஸ் தாள் கட்டு ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். மூன்று வருடத் தாள்கள். தோட்டம் முழுவதற்கும் எங்கள் குழாய்தான் வேண்டும் என்றார். பக்கத்துக் கடையில் குறைத்துத் தருவதாகச் சொன்னார்களாமே என்று எங்கள் ஆளே வாயைக் கொடுத்தார். "அவிய விக்கிற அன்னைக்குப் பேசறாங்க. நீங்க மூணு வருசமாப் பேசிட்டிருக்கறீங்க" என்றார் அவர். மீட்டிங்கில் கேட்கப்படும் கேள்விக்கு இதுவே போதிய பதில். ஆனால் எனக்கு இது போதாது. இது நாங்கள் ஜெயித்த கதை. தோற்ற கதையைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் சொன்னவளாவேன்.

பல வருடங்களுக்கு முந்திய ஒரு தை மாதம். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். ஒரு வருடம் ஓடினால், குழாயில் தண்ணீர் சொட்டுகிற சொட்டுவானில் வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆசிட் கலந்த தண்ணீரைக் குழாயில் ஏற்றி அதைக் கரைக்க வேண்டும். அந்த மாதத் தாளுக்கு அதுதான் விஷயம். ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது என்பதில் தொடங்கி, எவ்வளவு, எப்படி, எத்தனை மணி நேரம் என்று எல்லாம் எழுதியிருந்தேன். கடைசி வரி இது: "மறுநாள் ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் கழற்றி, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டு, பிறகு மூடவும்."

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போவார்கள். கம்பெனி சார்பில் மோர்ப்பந்தல் போடுவது வழக்கம். அந்த வருடம் பந்தலில் தாளையும் கொடுக்கலாம், அதில் தன் படத்தோடு தைப்பூச வாழ்த்து இருக்கட்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. படம் கடைசி நேரத்தில் வந்தது. சுப்பிரமணி சார் ஊரில் இல்லை. வருடா வருடம் அவரும் மாலை போட்டு நடக்கிறவர், காவடிக் கூட்டத்தோடு போய்விட்டார். அச்சகத்தில் பக்கத்தை அடுக்கிப் பார்த்தால் படத்துக்கு ஒரு வரி இடம் குறைந்தது. நான் கடைசி வரியை எடுத்தேன். அந்த இடத்தில் "மறுநாள் வழக்கம்போல் தண்ணீர் விடலாம்" என்று போட்டேன். மூடியைக் கழற்றிக் கழுவிவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவுண்டரில் கூட்டம் அலைமோதியதால் மூன்று பேருக்கு வாசிக்கவும் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் அடுப்படிக்குள் போன பூனை மாதிரி எனக்கும் கொஞ்சம் துணிச்சல் வந்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? படம் நன்றாக வந்திருப்பதாக முதலாளி பாராட்டினார், நானும் சந்தோஷப்பட்டேன்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்தாள். ரெட்டியார்சத்திரத்துக்கு உள்ளே ஒரு கிராமம், பெயர் முத்துலட்சுமி. முப்பது வயது இருக்கும். கணவன் வெளியூரில் லாரி ஓட்டுகிறவன். தோட்டம் இவள் பொறுப்பு. இரண்டு வருடமாக எங்கள் தாளைப் படித்து, மாமனாரோடு மல்லுக்கட்டி, வாய்க்கால் பாசனத்தை நிறுத்திச் சொட்டுநீர் போட்டிருந்தாள். பிளாஸ்டிக் கவரிலிருந்து தைத் தாளை எடுத்து என் மேசையில் விரித்தாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டிருந்தது.

"இதுல போட்டபடிக்கு அம்புட்டும் செஞ்சேங்க்கா. ஒண்ணு விடாம டிக் போட்டுக்கிட்டே செஞ்சேன். ஆனா பாதித் தோட்டம் காஞ்சிருச்சு. நான் எதையோ தப்பா வாசிச்சுட்டேன் போலருக்கு. எங்கனு மட்டும் சொல்லுங்க."

விசாரித்தேன். ஆசிட் விட்டு முடித்த அடுத்த நாளே பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றி, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்திருக்கிறாள். தாளில் இருந்தபடி வழக்கம்போல் தண்ணீர் விடச் சொல்லிவிட்டுப் போக, மாமனார் தினமும் மோட்டாரைப் போட்டிருக்கிறார். ஆசிட்டில் பெயர்ந்த உப்பு வெளியேற வழியில்லாமல் போய்க் கடைசிப் பாதிச் சொட்டுவான்கள் அத்தனையையும் அடைத்துக்கொண்டது. பூ வைத்து நின்ற தக்காளி. இவள் திரும்பி வரும்போது பூ உதிர்ந்து, செடி சருகாகிக் கிடந்திருக்கிறது.

படம் போட்ட இடத்தை என் கை மறைத்துக்கொண்டிருந்தது. வேண்டுமென்று மறைத்தேனா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆள் அனுப்புகிறேன், வந்து குழாயைப் பார்ப்பார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை. வீட்டில் மாமனார் தன்னோடு பேசுவதில்லை என்றாள். காகிதத்தைப் பார்த்து வெள்ளாமை செய்கிறவள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாராம். வருகிற சித்திரையில் தோட்டத்தைக் குத்தகைக்கு விடப் போகிறாராம், கணவனும் தலையாட்டிவிட்டானாம். "நான் எங்க தப்புப் பண்ணேன்னு தெரிஞ்சா, இனிமே பண்ண மாட்டேன்னு சொல்லிக் கேட்டுப் பாப்பேன். தப்பே என்னன்னு தெரியலயே" என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

ஞாயிறு பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனம் செய்து பழகியவள்தான். ஆனால் சாமியாரிடம் சொன்னால் மன்னிப்புக் கிடைக்கும், முத்துலட்சுமிக்குத் தோட்டம் கிடைக்காது. அதனால் வரிசையில் நிற்காமல் வந்துவிட்டேன். திங்கட்கிழமை சுப்பிரமணி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் "அப்புறமுங்க?" என்றார். எனக்கு அப்புறம் என்று எதுவும் இல்லை. அழுதுவிட்டேன். அழுது ஓயும்வரை சும்மா இருந்துவிட்டு, "அச்சுல போட்றலாமுங்க" என்றார்.

முதலாளியிடம் இருவரும் போனோம். முதலாளி கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் புதுக் குழாயே கொடுத்துவிடுவோம், நஷ்டத்தையும் பார்த்துச் செய்வோம், ஆனால் யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற மாதிரி ஊருக்கெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டார். எதிர்க்கடைக்காரன் அதை ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டுவான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, பின்னால் அப்படியே நடக்கவும் செய்தது. எனக்கு வேலை போகும் என்றுதான் நின்றேன்.

சார் நிதானமாகச் சொன்னார். "அந்தத் தாளு வீட்டுக்கு வீடு எரவாணத்துல சொருகிக் கெடக்குதுங்க. நம்ம பேச்ச நம்பி எடுத்து வெச்சிருக்காங்க. அடுத்த கோடைல பிரிச்சுப் பாத்து, அதே மாதிரி செய்வாங்க. அன்னைக்கு யாருங்க போயி ஒவ்வொரு வீடாத் தடுக்கறது?"

முதலாளி தைத் தாளை எடுத்துத் தன் படத்தைப் பார்த்தார். பிறகு, போடுவதானால் தன் படம் வந்த அதே இடத்தில், அதே அளவுக்குப் போடுங்கள் என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த சின்னச் சின்ன மனக்குறையெல்லாம் அன்றோடு போயிற்று.

அந்த ஒரு பெட்டியை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. முதலில் 'தவிர்க்க முடியாத காரணத்தால்' என்று ஆரம்பித்தேன். "தவிர்த்திருக்கலாமுங்களே" என்றார் சார். 'சிறு பிழை' என்று எழுதினேன். பாதித் தோட்டம் போயிருக்கிறது, சிறுசா என்று கேட்டார். கடைசியில் நின்றது இதுதான்: "தை மாதத் தாளில் ஆசிட் சுத்தம் பற்றி எழுதியபோது மிக முக்கியமான ஒரு வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எங்கள் வாழ்த்துப் படத்தைப் போட்டோம். அந்த வரி கீழே இருக்கிறது. தாளில் உள்ளபடி செய்து பயிர் போயிருந்தால், செய்தவர் மேல் தவறில்லை. தவறு எங்களுடையது. எங்களைக் கூப்பிடுங்கள்." அடியில் என் பெயரை நானே கேட்டுப் போட்டுக்கொண்டேன்.

மை காயாத தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, குழாய் பழுது பார்க்கும் ஆளோடு பஸ் ஏறினேன். ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனோம். முத்துலட்சுமி தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் மாமனார் ராமசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவறு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டும் சொன்னேன். அவள் கையைக் கழுவி வந்து தாளை வாங்கி மனதுக்குள் படித்தாள்.

"நஷ்டஈடு தருவோம், புதுக் குழாயும் போட்டுத் தருவோம்" என்றேன்.

"அது கெடக்கட்டும்க்கா. இத எங்க மாமாவுக்குக் கேக்கிற மாதிரி வாசிக்கட்டா? நான் சொன்னா நம்ப மாட்டாரு. அச்சுல இருக்குல்ல" என்றாள்.

முற்றத்தில் நின்று வாசித்தாள். 'செய்தவர் மேல் தவறில்லை' என்ற இடத்தில் நின்று, மாமனாரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். கிழவர் திரும்பவில்லை. முடிந்ததும், "இன்னொருக்கா வாசி தாயி" என்றார். ஒரு மாதத்துக்கு மேல் பேசாதவர் பேசியதில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டாவது முறையும் முழுதாக வாசித்தாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத்தான் பேசினார், அவளைப் பார்க்கவில்லை. "மூடியக் கழத்தி விடணும்னு எனக்குத் தெரியும். குழா போட வந்த அன்னைக்கு ஒங்க ஆளு செஞ்சதப் பாத்தேன். இவ ஆஸ்பத்திரில கெடந்தப்ப தெனம் மோட்டாரப் போட்டது நாந்தான். கடைசிச் செடி வாடுறதையும் பாத்தேன். பேப்பர்ல இல்லையே, பட்டுத் தெரியட்டும்னு சும்மா இருந்துட்டேன். இம்புட்டுத் தூரம் போகும்னு நெனைக்கல."

எங்கள் ஆள் பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நழுவினார். முத்துலட்சுமி தாளை நான்காக மடித்தாள். திரும்ப விரித்தாள். பிறகு மாமனாரிடம் காப்பித்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

அந்தக் கோடையில் எங்கள் விற்பனை படுத்தது. ஜெராக்ஸ் எடுத்த தாள் எங்கள் கவுண்டருக்கே இரண்டு முறை வந்தது. ஆனால் என் டெலிபோன் ஓயவே இல்லை. தாளைப் படித்துவிட்டு, ஆசிட் விடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று கூப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். சிலர் தாங்கள் செய்த தப்பைச் சொல்லிச் சிரிக்கவே கூப்பிட்டார்கள். அதையெல்லாம் நோட்டில் எழுதினேன், பின்னால் வந்த தாள்களில் பாதி அவர்கள் சொன்னதுதான். தப்பை ஒப்புக்கொள்ளும் விளம்பரத்தில் நடிக்க எந்த முகமும் வராது, தம்பிகளா. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

தோட்டம் குத்தகைக்குப் போகவில்லை. இப்போதும் முத்துலட்சுமிதான் பார்க்கிறாள். கிழவர் காலமாகிச் சில வருடம் ஆகிறது. அன்று என்னை ஆட்டோ ஏற்றிவிட ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். ஆட்டோ கிளம்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மாமா சொன்னத மட்டும் அச்சுல போட்றாதீங்க" என்றாள்.

போடவில்லை. போன வாரம் அவளுக்குப் போன் செய்து, இப்போது எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. மொதல்ல திரும்பப் பேசுனதும் அவருதான்னு அதையும் எழுதுங்க" என்றாள்.